காசிமேட்டுக் கடல் பழக்கம் அலாஸ்காவில் கைகொடுக்குமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஜூலையில் குடும்பத்தோடு சியாட்டிலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கிருந்து அலாஸ்கா. சூவர்டு என்ற துறைமுக ஊரில் ஒரு நாள் முழுக்க காயாக் (இரட்டை முனைத் துடுப்புப் போடும் ஒடுங்கிய சின்னப் படகு) ஓட்டி மலை, பனியாறு (மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனித்திரள்), கடல் விலங்குகள் எல்லாம் பார்க்க ஆசை. நீச்சல் சுமார்தான். ஆனால் காசிமேட்டில் மாமாவின் ஃபைபர் படகில் சின்ன வயதிலிருந்தே கடலுக்குப் போனவர். 'தனியாகப் பயிற்சி வேண்டுமா, எண்ணூர் முகத்துவாரத்தில் பழகிக்கொள்ளலாமா, ரிசரெக்‌ஷன் விரிகுடா போதுமா இல்லை தள்ளியிருக்கும் ஐயாலிக் விரிகுடா வரை போக வேண்டுமா, மூட்டு வலி உள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா' என்பதுதான் அவர் கேள்வி.

நான் திருவொற்றியூர்க்காரன். இங்கேயும் துடுப்புப் போடுகிறேன், அந்தக் கரையிலும் போட்டிருக்கிறேன். தாராளமாகப் போங்கள் தம்பி. ஆனால் துடுப்புப் போடத் தெரியுமா என்பது அங்கே நாலாவது கவலைதான். முதல் மூன்று இடமும் தண்ணீரின் குளிருக்கு.

நம்ம கடல் வருஷம் பூராவும் 26, 28, 30 டிகிரி என்றே இருக்கும். படகிலிருந்து விழுந்தால் நாலு பேர் சிரிப்பார்கள், ஏறி உட்கார்ந்து சட்டையைப் பிழிந்துகொள்வோம், அவ்வளவுதான். சூவர்டு பக்கம் ஜூலை மாதத்திலும் தண்ணீர் 10, 12 டிகிரி. பனியாறு கடலில் முட்டும் இடத்தில் அதற்கும் கீழே. அந்தக் குளிரில் விழுந்தவுடன் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், நாம் நினைத்தாலும் நிறுத்த முடியாது. அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் கதை அங்கேயே முடியும். குளிர்நீர் மீட்பில் இருப்பவர்கள் இதற்கு 1-10-1 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மூச்சு கட்டுக்குள் வர ஒரு நிமிஷம். கைகால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிஷம். உடல் விறைத்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதில் கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள பத்து. நன்றாக நீந்துகிறவனுக்கும் அதற்குப் பிறகு விரல் மடங்காது, கயிற்றைப் பிடிக்க முடியாது. அதனால் உங்கள் நீச்சல் சுமார் என்பது நீங்கள் நினைக்கிற அளவு பெரிய குறையில்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, எல்லா பக்கிளையும் போட்டு, இறுக்கிக்கொள்கிறீர்களா என்பதுதான் பெரிய விஷயம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்ம பக்கத்தில் லைஃப் ஜாக்கெட் என்பது உட்காரும் பலகைக்கு மேல் போட்டுக்கொள்ளும் மெத்தை. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அது வெதுவெதுப்பான தண்ணீர், கரையும் கண்ணுக்குத் தெரிகிற தூரம்.

பருத்தி ஒரு துண்டுகூட உடம்பில் வேண்டாம். ஜீன்ஸ், பனியன், காட்டன் டி-ஷர்ட் எல்லாம் நனைந்தால் அப்படியே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். கம்பளியோ பாலியஸ்டரோ நனைந்தாலும் ஓரளவு தாங்கும். விளையாட்டு ஜெர்சி துணியில் முழுக்கை ஒன்று, அதன் மேல் ஃபிளீஸ் ஒன்று போதும். மேலே போடும் மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், காயாக்கின் வாயை மூடும் ஸ்பிரே ஸ்கர்ட் எல்லாம் வழிகாட்டி நிறுவனமே பொதுவாகக் கொடுத்துவிடும். முன்பதிவு செய்யும்போது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது பயிற்சி. எண்ணூர் முகத்துவாரம் வேண்டாம்.

கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்து கடலுக்குப் போகும் அந்த வாயில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். வற்றும்போது இழுப்பு எவ்வளவு வேகம் என்று கரையில் நின்று பார்த்தால் தெரியாது. அனல்மின் நிலையச் சாம்பல் எத்தனையோ வருஷமாக அடியில் படிந்து ஆழம் குறைந்து கிடக்கிறது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு 2023 டிசம்பரில் எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் பரவியதும் உங்களுக்குத் தெரியும். இதையெல்லாம் விட்டாலும் இன்னொன்று இருக்கிறது. அங்கே இருளர்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தேடுவார்கள். தலை மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரியும். பழகாத ஆள் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் படகை அந்த வழியாக ஓட்டிக்கொண்டு வருவது நல்லதில்லை. பழவேற்காட்டில் அந்த விபத்துக்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை. வேறு வழி சொல்லி ஏற்றிக்கொள்கிறவர்களிடம் போகாதீர்கள்.

தெற்கே போங்கள். முட்டுக்காடு, கோவளம் பக்கம் ஆள் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டு மூன்று காலை நேரம் போதும். மூடிய வகைக் காயாக்கில், உட்கார்ந்தால் இடுப்பு வரை உள்ளே போய்விடுகிற வகையில், ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். இங்கே பெரும்பாலும் கிடைப்பது மேலே ஏறி உட்காரும் வகை. அதில் விழுந்தால் தானாகப் பிரிந்துவிடுவோம். அங்கே நீங்கள் உட்காரப்போவது மூடிய வகை. கவிழ்ந்தால் தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்குவோம். முன்னால் குனிந்து, ஸ்கர்ட்டின் முனையில் இருக்கும் வளையத்தைப் பிடித்து முன்புறமாகத் தள்ளி இழுத்தால் ஸ்கர்ட் கழன்றுவிடும். பிறகு இடுப்பின் இரு பக்கமும் கை ஊன்றித் தள்ளினால் வெளியே வந்துவிடலாம். படிக்க இவ்வளவு நேரம் ஆனாலும் செய்ய ஐந்து விநாடிதான். ஒரே நிபந்தனை, அந்த வளையம் ஸ்கர்ட்டுக்கு உள்ளே மடங்கிக் கிடக்கக் கூடாது. கிளம்புமுன் எல்லோரும் கேமராவைச் சரிபார்ப்பார்கள். நீங்கள் வளையத்தைப் பாருங்கள். சூவர்டில் கொடுப்பது பெரும்பாலும் அகலமான இருவர் காயாக். சும்மா கவிழாது. இருந்தாலும் கை ஒரு முறை செய்து பழகியிருந்தால் மனசு இறுக்கமில்லாமல் இருக்கும்.

துடுப்புப் போடுவதில் மாமா படகுப் பழக்கம் கொஞ்சம் இடைஞ்சல் செய்யும். நம்மாட்கள் தோளாலும் கையாலும் இழுப்பார்கள். இரட்டை முனைத் துடுப்பில் அப்படிப் போட்டால் ஒரு மணி நேரத்தில் முன்கை கல்லாகிவிடும். இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்பி, துடுப்பு தண்ணீரில் இறங்கும் அதே பக்கக் காலால் உள்ளே இருக்கும் பலகையை உதைத்துப் போட வேண்டும். பிடி தளர்வாக இருக்கட்டும். கைப்பெருவிரல் இடுக்கில் சிவந்தால் பிடி இறுக்கம் என்று அர்த்தம்.

ஆனால் மாமாவிடம் கற்ற ஒன்று அங்கே அப்படியே உதவும். காற்று பார்ப்பது. வாடை எப்போது எழும், கச்சான் எப்போது விழும் என்று பார்த்துத்தானே காசிமேட்டில் படகு எடுக்கிறார்கள்? வெயில் ஏறினால் தரை சூடாகி, மதியத்துக்குக் கடல்காற்று உள்ளே வரும் என்பது ஜூன் மாதச் சென்னைக்காரன் யாருக்கும் தெரியும். அதற்காகத்தான் மொட்டைமாடியில் காத்துக் கிடக்கிறோம். ரிசரெக்‌ஷன் விரிகுடாவிலும் வெயில் அடிக்கும் கோடை நாளில் இதே வேலைதான் நடக்கும். காலையில் தண்ணீர் அசையாது. பிற்பகலில் தெற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து காற்று கிளம்பி விரிகுடா முழுக்க நுரை கட்டும். இரண்டு பக்கமும் மலை நிற்பதால் காற்று இடுக்கில் புகுந்து இன்னும் வேகமெடுக்கும். எனவே காலைப் பயணம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். வழிகாட்டி 'திரும்பலாம்' என்றால் 'இன்னும் அந்த முனை வரைக்கும்' என்று கேட்காதீர்கள். இன்னொரு வித்தியாசம் ஓதம். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்தான் வித்தியாசம், நாம் கண்டுகொள்வதே இல்லை. சூவர்டில் மூன்று மீட்டர் சாதாரணம். மதிய சாப்பாட்டுக்குக் கரையில் ஏற்றிய காயாக்கை நன்றாக மேலே இழுத்துப் போட வேண்டும்.

ரிசரெக்‌ஷனா, ஐயாலிக்கா? இதற்கு நான் தயங்காமல் ஐயாலிக் என்பேன். செலவு அதிகம், ரொம்பவே அதிகம். வேறு எதையாவது வெட்டுங்கள்.

ரிசரெக்‌ஷன் விரிகுடா ஊரை ஒட்டியே இருக்கிறது. லோவல் பாயின்ட் கரையிலிருந்து கிளம்பி அரை நாளில் திரும்பிவிடலாம். அழகுதான், ஆனால் அங்கே கடலில் இறங்கும் பனியாறு கிடையாது. ஐயாலிக் விரிகுடா கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1980-இல் அமைத்த பூங்கா. அதன் தலைமாட்டில் ஹார்டிங் பனிவெளி, ஏறக்குறைய 1,800 சதுர கிலோமீட்டர். அதிலிருந்து நாற்பதை ஒட்டிய பனியாறுகள் நாலாபக்கமும் வழிகின்றன. அவற்றில் ஒன்று ஐயாலிக். சூவர்டிலிருந்து சின்ன மோட்டார் படகில் காயாக்குகளை ஏற்றி, திறந்த கடல் பக்கம் முனையைச் சுற்றி உள்ளே கொண்டுபோய் இறக்குவார்கள். போக இரண்டரை, மூன்று மணி நேரம், வர அதே அளவு. துடுப்பு போடுவது நடுவில் உள்ள சில மணி நேரம்தான். கடுமையான பகுதியை மோட்டார் படகு பார்த்துக்கொள்கிறது, உங்களுக்குக் கிடைப்பது மலைகளுக்குள் ஒதுங்கிய தண்ணீர். முதல் முறை போகிறவருக்கு ஒரு வகையில் இதுதான் பத்திரம். முனையைச் சுற்றும்போது மட்டும் படகு ஆட்டும். பஸ்ஸிலேயே வாந்தி வருகிறவராக இருந்தால் அவோமின் மாதிரி மாத்திரையைப் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டம் ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. அது தூக்கம் வரவழைக்கும், அதனால் இங்கேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள்.

இறங்கியதும் முதலில் ஏமாற்றுவது தூரம். நம்ம பக்கம் நிலம் தட்டை. எண்ணூர்ப் பக்கம் வானத்தை முட்டுவது புகைபோக்கி மட்டும்தான். அதை வைத்தே கண் தூரத்தைக் கணக்குப் போடும். அங்கே கடலிலிருந்து நேராக ஆயிரம் மீட்டர் சுவர் எழுந்து நிற்கிறது. பக்கத்தில் மரமோ வீடோ படகோ எதுவும் இல்லை. பனியாறு 'இதோ' என்று இருக்கும், ஒரு மணி நேரம் துடுப்புப் போட்ட பிறகும் 'இதோ' என்றே இருக்கும். அதன் முகப்பு ஏறக்குறைய ஒரு மைல் அகலம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

கிட்டே போகப் போகத் தண்ணீரில் பனித்துண்டுகள் மிதக்கும். துடுப்பை மடியில் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்து பாருங்கள். சுற்றிலும் வாணலியில் கடுகு பொரிகிற சத்தம் கேட்கும். பனி உருகும்போது உள்ளே எத்தனையோ காலமாக அடைபட்டிருந்த காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெடிப்பதுதான் அது. துண்டுகள் சில வெள்ளை, சில கண்ணாடி, சில அடர்நீலம். நெருக்கமாக இறுகிய பனி சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் விடுகிறது. கையால் தள்ளி விளையாட வேண்டாம். தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாகம் பெரிது, திடீரெனப் புரளும்.

பனிச்சுவர் உடைந்து விழுவதைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறோம். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் முதலில் சத்தமே இல்லாமல் ஒரு துண்டு சரியும். மூன்று விநாடி கழித்துத்தான் இடி வந்து சேரும். அதனால் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறவனுக்கு எப்போதும் நுரை மட்டுமே மிச்சம். கண்ணைச் சுவரிலேயே வைத்திருங்கள். பிறகு அலை வரும். காயாக்கின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பிக்கொண்டால் தூக்கி இறக்கிவிடும். பக்கவாட்டில் வாங்கக் கூடாது. கால் மைலுக்குக் கிட்டே எந்த நல்ல வழிகாட்டியும் கூட்டிப் போகமாட்டார், பெரும்பாலும் அதைவிடத் தள்ளியே நிறுத்துவார். படம் நன்றாக வரவில்லை என்று அவரிடம் சண்டை போடாதீர்கள்.

அந்த மிதக்கும் பனியின் மேல் கறுப்பும் சாம்பலுமாகச் சீல்கள் படுத்திருக்கும். கோடைத் தொடக்கத்தில் அங்கேதான் குட்டி போடுகின்றன. காயாக் சத்தமில்லாமல் வருவது அவற்றுக்கு மோட்டார் படகைவிடப் பெரிய பயம், கடைசி நேரத்தில்தான் கவனிக்கும். தலையைத் தூக்கி உங்களையே பார்க்க ஆரம்பித்தால் நீங்கள் ஏற்கெனவே கிட்டே போய்விட்டீர்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். ஹம்பேக் திமிங்கலத்துக்கு 100 கஜத்துக்குள் போகக் கூடாது என்பது அலாஸ்காவில் சட்டமே. பெரிதாக ஆரஞ்சு அலகோடு, பறக்கவே சிரமப்படுகிற மாதிரிச் சிறகடித்துப் போகிற பறவை பஃபின். வெண்தலைக் கழுகை அங்கே காக்காய் மாதிரிப் பார்க்கலாம், இரண்டாவது நாள் யாரும் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

எனக்குப் பிடித்தது கடல் நீர்நாய். மல்லாந்து மிதந்துகொண்டு, மார்பின் மேல் கல்லை வைத்து அதில் சிப்பியை அடித்து உடைத்துத் தின்னும். தின்று முடித்ததும் ஒரு சுற்று உருண்டு மார்பில் கிடக்கும் ஓட்டுச் சிதறலைக் கழுவிவிட்டு மறுபடியும் மல்லாந்துகொள்ளும். சீலுக்கும் திமிங்கலத்துக்கும் இருக்கிற மாதிரி தோலுக்கு அடியில் கொழுப்புப் படலம் இதற்கு இல்லை. குளிரைத் தாங்குவது முழுக்க ரோமத்தால். ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் முடி வரை உண்டு. விலங்குகளிலேயே அடர்த்தியான ரோமம் இதுதான். அந்த ரோமத்துக்காகவே வேட்டையாடி, 1911-இல் ஒப்பந்தம் போட்டுத் தடுப்பதற்குள் இனமே அழியும் நிலைக்கு வந்துவிட்டது. ரோமத்தில் எண்ணெய் பட்டால் இடையில் இருக்கும் காற்று போய்விடும், உடம்பு நேராகக் குளிரில் நனையும். 1989 மார்ச் 24 அன்று பக்கத்து பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி நாலு கோடி லிட்டருக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியபோது ஆயிரக்கணக்கில் செத்தது இப்படித்தான். எண்ணெய் நகர்ந்து இந்தக் கீனாய் கரைக்கும் வந்தது. அங்கே சில கரைகளில் கல்லைப் புரட்டினால் பல பத்தாண்டுக்குப் பிறகும் அடியில் எண்ணெய் இருந்தது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி, நம்ம பசங்க வாளியில் எண்ணெய் அள்ளியதையும், 2023-இல் கூழைக்கடா கறுப்பாகி நின்றதையும் பார்த்த நாம் இந்த வரலாற்றை வெளியாள் மாதிரிப் படிக்க முடியாது. அங்கே இழப்பீட்டுப் பணத்தில் கடல் ஆய்வும் நிலப் பாதுகாப்பும் வருஷக்கணக்காக நடந்தன. நமக்கு வாளி மட்டும்தான்.

பாறைமேல் கூட்டமாகக் கிடந்து உறுமுகிற பழுப்புப் பெருவுடல்கள் ஸ்டெல்லர் கடற்சிங்கங்கள். ஸ்டெல்லர் என்பவர் 1741-இல் பேரிங் என்ற கடலோடியின் கப்பலில் வந்த இயற்கையியலாளர். அந்தப் பயணத்தில் அவர் விவரித்த இன்னொரு விலங்கு எட்டு மீட்டர் நீளம் வளர்ந்த ஒரு கடற்பசு. 27 வருஷத்துக்குள், 1768 வாக்கில், தின்றே தீர்த்துவிட்டார்கள். நம்ம பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது அதன் உறவுக்காரக் கடற்பசுவுக்குத்தான்.

கரையோரம் சில இடங்களில் இலையே இல்லாமல் வெள்ளெலும்பு நிறத்தில் மரங்கள் நிற்கும். 1964 மார்ச் 27 அன்று 9.2 அளவில் நிலநடுக்கம் வந்தபோது தரை இறங்கி, வேரில் உப்புத் தண்ணீர் ஏறிச் செத்த மரங்கள். அன்றைக்குச் சூவர்டின் கடற்கரைப் பகுதியே விரிகுடாவுக்குள் சரிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக்கொள்ள, அலைமேல் தீயே மிதந்து வந்தது. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த காசிமேட்டுக்காரருக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலம் பலமாக ஆடினால் சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

சில்லறை விஷயங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் பின்னால் கட்டும் பட்டி வாங்குங்கள். போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் இல்லை, ஜாக்கெட்டில் கட்டுங்கள். கரையில் சாப்பிட்டால் ஒரு பருக்கை, ஒரு உறை விடாமல் எடுத்து வர வேண்டும், கருங்கரடி நடமாடும் இடம். புளிசாதம் தாராளமாகக் கொண்டுபோகலாம், வெறும் வாழைப்பழமும் சாக்லேட்டும் நம்ம வயிற்றுக்குக் காணாது. ஃபிளாஸ்க்கில் சூடாக ஏதாவது இருக்கட்டும். யாரும் கேட்கத் தயங்கும் கேள்வி: மோட்டார் படகில் கழிப்பறை இருக்கும், அதை விட்டு இறங்குமுன் ஒருமுறை போய்விடுங்கள். அத்தனை அடுக்கு உடையையும் கரையில் நின்று கழற்றுவது பெரிய பாடு. ஜூலை 4 அன்று சூவர்டில் மவுன்ட் மாரத்தான் மலையோட்டம், ஊரில் கால் வைக்க இடமிருக்காது. அந்த வாரத்தைத் தவிருங்கள். ஆங்கரேஜிலிருந்து ரயிலும் உண்டு, சாலையும் உண்டு, சாலை வழி 200 கிலோமீட்டர் சொச்சம்.

அம்மாவைக் காயாக்கில் ஏற்ற வேண்டாம். கூழாங்கல் கரையில் குனிந்து உட்கார்ந்து, காலை நீட்டி உள்ளே நுழைத்து, அப்படியே இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்து, பிறகு எழுந்திருக்க வேண்டும். நல்ல மூட்டுக்கே வலிக்கும். அதற்காக ஊரிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூவர்டு துறைமுகத்திலிருந்து பெரிய சுற்றுலாக் கப்பல்கள் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஓடி, பனியாறு வரை போய் வருகின்றன. சூடான கூடம், நாற்காலி, கழிப்பறை எல்லாம் உண்டு. எக்ஸிட் பனியாற்றுக்குக் காரிலேயே போகலாம். எந்த வருஷம் பனி எதுவரை இருந்தது என்று வழிநெடுகப் பலகை நட்டு வைத்திருக்கிறார்கள், மெதுவாக நடந்து பார்க்கலாம். பெரிய கப்பல் அதிக தூரம் சுற்றுவதால் திமிங்கலம் பார்க்கும் வாய்ப்பு உங்களைவிட அம்மாவுக்கே அதிகம். அவருக்கும் மாத்திரை வேண்டியிருக்கும். பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுக்கிறவர் என்றால் கிளம்புமுன் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.